ஸ்கார்ஃபின் இடது முனை

விரலைத் தண்ணீரில் நனைத்து இஸ்திரிப் பெட்டியின் அடியில் ஒரு தட்டுத் தட்டினாள் சுகந்தி. சுர்ரென்றது. காய்ந்துவிட்டது, இனித் தள்ளிப்போட முடியாது. காலையில் சம்யுக்தா பள்ளிக்கூடம் கிளம்பும்போது, ஒரு காலில் ஷூவும் ஒரு கால் வெறுமனேயுமாக வாசலில் நின்றுகொண்டு, "கேம்ப்புக்குப் போகலாமா வேண்டாமான்னு சொல்லும்மா, விடிஞ்சா பஸ்ஸு" என்று கேட்டாள். "யூனிஃபார்முக்கு இஸ்திரி போட்டு முடிக்கிறேன், சொல்றேன்" என்று வாயில் வந்ததைச் சொல்லித் துரத்தியாயிற்று. இஸ்திரிக்கும் கேம்ப்புக்கும் என்ன சம்பந்தம் என்று அந்தப் பெண் கேட்கவில்லை. சரிம்மா என்றது. அந்தச் சரிம்மாதான் காலையிலிருந்து உறுத்துகிறது. ஒன்பதாவது படிக்கிற பெண், இவள் வயிற்றில் பிறந்த பெண், எதைச் சொன்னாலும் ஏன் என்று ஒரு கொக்கி போடாமல் விடாத பெண், சரிம்மா என்கிறது. ஆனால் இன்றைக்கு வெள்ளிக்கிழமை. வெள்ளிக்கிழமை என்றால் அப்படித்தான். கைடு உடுப்பு, அந்தச் சாரணியர் உடுப்பு, உடம்பில் ஏறிவிட்டால் அது வேறு யார் வீட்டுப் பெண்ணோ. ஒரு செட் இன்றைக்கு அதன் உடம்பில், இது புதன்கிழமை போட்டுத் துவைத்த இன்னொரு செட், கேம்ப்புக்கு. வெளிர்நீலக் கமீஸின் காலரைத் திருப்பிப் போட்டு நீவிவிட்டுப் பெட்டியை வைத்தாள். நீராவி வரும் என்று கடைக்காரன் சொன்னதை நம்பி பாலமுரளி வாங்கி வந்த பெட்டி, இதுவரை வந்தது துருத்தண்ணிதான். ஊரில் எவன் என்ன சொன்னாலும் நம்புகிற மனுஷனுக்கு வாழ்க்கைப்பட்டதால், வீட்டில் யாராவது ஒருத்தர் சந்தேகப்பட்டாக வேண்டியிருக்கிறது. அந்த வேலையும் அவள் தலையில்.

புதன், வெள்ளி. இந்த டெர்ம் முழுக்க அவள் கவனித்துக்கொண்டுதான் வருகிறாள். ஜூனில் பள்ளிக்கூடம் திறந்து கைடில் சேர்ந்த புதிதில் ஒன்றுமில்லை. ஜூலையில் உறுதிமொழி எடுத்து, மெரூன் கலர் ஸ்கார்ஃபைக் கழுத்தில் வாங்கிக்கொண்டு வந்ததற்கப்புறம்தான் இது. கைடு வகுப்பு இருக்கிற அந்த இரண்டு நாள் மட்டும் சாயங்காலம் வந்ததும் பையைச் சோபாவில் வீசுவதில்லை, ஆணியில் மாட்டுகிறது. உடுப்பைக்கூட மாற்றாமல் நேரே அடுப்படிக்கு வந்து, "நீ உக்காரும்மா, நான் டீ போடறேன்" என்கிறது. இஞ்சியை நசுக்காமல் கட்டையாக அப்படியே போட்டு, சர்க்கரையை அள்ளிக் கொட்டி, ஒரு டீ. அதை இவள் குடித்து முடிக்கிறவரை எதிரில் உட்கார்ந்து பார்க்கிறது. "கால் வலிக்குதாம்மா?" என்கிறது. "உங்க கான்வென்ட்ல கொடி அவுழாமப் போச்சே, அதைச் சொல்லும்மா" என்கிறது. இவளும் சொல்வாள். மதுரைக் கான்வென்ட்டில் படித்தபோது ஒரு குடியரசு தினத்துக்கு இவள்தான் கொடி கட்டினாள். இழுத்தால் அவிழ வேண்டிய முடிச்சுக்குப் பதிலாக இழுக்க இழுக்க இறுகுகிற முடிச்சைப் போட்டுவிட்டாள். கலெக்டர் கயிற்றைப் பிடித்து இழுக்கிறார், இழுக்கிறார், கொடி மேலே உருண்டையாக உட்கார்ந்திருக்கிறது. கீழே கைடு வகுப்பு நடத்துகிற செலஸ்டின் சிஸ்டரிலிருந்து எல்லாரும் சல்யூட் அடித்தபடி நிற்கிறார்கள். கலெக்டரின் தொப்பி நழுவி விழுந்த இடத்தில் இரண்டு பேரும் சிரிப்பார்கள். கதை அங்கே முடியும். டம்ளர் காலியாகும். உடனே விசுக்கென்று எழுந்து அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொள்ளும், டியூட்டி முடிந்த நர்ஸ் மாதிரி. மறுநாள் வியாழக்கிழமை இவளாக அதே கதையை ஆரம்பித்தால், "அம்மா, ப்ளீஸ்" என்று ஒரு கை மட்டும் உயரும். ஒரே பெண், ஒரே அம்மா, ஒரே கதை. கிழமைதான் வேறு. கிழமை பார்த்து வருகிற பாசத்தை எவள் நம்புவாள்.

பாசம் திடீரென்று வந்தால் அதற்குப் பின்னால் என்ன நிற்கும் என்று அவளுக்குத் தெரியாததா. பாலமுரளி கல்யாணமான புதிதில் கேட்காமலே அல்வாவும் மல்லிகைப்பூவுமாக வந்து நின்ற சாயங்காலம்தான், அவருடைய அக்கா குடும்பத்தோடு கோடை லீவு முழுக்க இங்கே வந்து தங்குவதற்குத் தலையாட்டிவிட்டு வந்திருந்தார். அதற்கப்புறம் அந்த மனிதர் பூ வாங்கி வந்தாலே, தலையில் வைப்பதற்கு முன்னால் "யார் வர்றா?" என்று கேட்டுவிடுவது வழக்கமாயிற்று. இந்தப் பெண்ணின் டீயும் அதே அல்வாதான். யார் வருகிறார்கள், அல்லது யார் வந்தாயிற்று, அதுதான் தெரியவில்லை. கமீஸை மடித்து வைத்துவிட்டுக் கருநீல சல்வாரை எடுத்தாள். முழங்காலில் புல்கறை, எவ்வளவு தேய்த்தும் பச்சை போகவில்லை. மைதானத்தில் முட்டி போட என்ன இருக்கிறது. முதலில் அது கேட்டது என்.சி.சி. காக்கி உடுப்பும் பூட்ஸும் துப்பாக்கியும் வேண்டுமாம். முடியாது என்று இவள் ஒரே பிடியாக நின்றாள். வெயில், கறுத்துப்போவாய், பரீட்சை என்று நாலு காரணம் சொன்னாள். உள்ளே இருந்த காரணம் பக்கத்துப் பையன்கள் பள்ளிக்கூடம். இரண்டுக்கும் மைதானம் பொது, கேடட் பசங்கள் அங்கேதான் கவாத்துப் பழகுகிறார்கள். அதனால் கைடில் சேர்த்துவிட்டாள். நானும் கைடாக இருந்தவள்தான், பூப்போட்ட கோலமும் முதலுதவிக் கட்டும் கயிற்று முடிச்சுமாகப் போய்விடும் என்று. சேர்த்த பிறகுதான் தெரிகிறது, கேடட்டுகளுக்கும் கவாத்து அதே புதன், அதே வெள்ளி. சுதந்திர தினத்தன்று அணிவகுப்பைப் பார்க்கப் போய் நாற்காலியில் உட்கார்ந்திருந்தபோது அந்த நெட்டைப் பையனைக் கவனித்தாள். கேடட் வரிசைக்கு முன்னால் டிரம் அடித்துக்கொண்டு போனவன். கைடு வரிசை திரும்பும்போது இந்தப் பக்கம் பார்த்தான். பார்த்தானா, வலது பக்கம் பார் என்று அவனுக்கு ஆர்டர் வந்ததா. ஆர்டருக்குத் தலை திரும்பினால் கண்ணும் திரும்பத்தானே செய்யும் என்று பாலமுரளி சொன்னார். பாலமுரளி சொல்வார். ஆகஸ்டிலிருந்து டிரம் சத்தம் எங்கே கேட்டாலும், கோயில் ஊர்வலமாக இருந்தாலும், இவள் ஜன்னலுக்குப் போய் எட்டிப் பார்க்கிறாள்.

போதாததற்கு நசீமா. எதிர்வீட்டு மாடியில் துணி காயப்போடுகிற சாக்கில் தெருவையே ஆள்கிறவள். போன வாரம் கொத்தமல்லிக் கட்டை நீட்டிக்கொண்டே, "அக்கா, நான் சொன்னேன்னு வேணாம்" என்று ஆரம்பித்தாள். அப்படி ஆரம்பிக்கிற பேச்சு எதுவும் நல்ல பேச்சாக இருந்ததில்லை. "சம்யு பஸ்ஸை விட்டு எறங்குது, நேரே வீட்டுக்கு வரலக்கா. டிரான்ஸ்ஃபார்மர் பக்கத்துல நிக்குது. கழுத்துத் துணியக் கையில பிடிச்சுக்கிட்டு சும்மா நிக்குது. யாருக்கோ காத்திருக்கிற மாதிரி." யாராவது வந்தார்களா என்று சுகந்தி கேட்டாள், கொத்தமல்லியில் மண் இருக்கிறதா என்று பார்க்கிறவள் மாதிரி. "ஒருத்தரும் வரல. கொஞ்ச நேரம் நின்னுச்சு, பெருமூச்சு விட்டுச்சு, அப்புறம் உள்ள வந்துருச்சு. எனக்கு ஒண்ணும் தப்பாத் தெரியல, பொம்பளப் புள்ளையாச்சே, நாலு பேரு கண்ணு படுமேன்னுதான்." தெருவில் மொத்தமாகப் பட்டது இவள் கண் ஒன்றுதான் என்று நாக்கு நுனிவரை வந்ததை விழுங்கிக்கொண்டு, "தேங்க்ஸ்டி" என்று கொத்தமல்லியை வாங்கிக்கொண்டாள். இந்தப் புதன்கிழமை ஜன்னல் திரையை விரல் அகலம் ஒதுக்கி இவளே பார்த்தாள். நிஜம். நடந்து வந்த பெண் டிரான்ஸ்ஃபார்மர் பக்கத்தில் நின்றது. வீட்டைப் பார்த்தது. ஸ்கார்ஃபின் முனையை விரலால் தடவியது. பரீட்சை ஹாலுக்குள் நுழைகிறவர்கள் மாதிரி தோளை ஒரு தரம் ஏற்றி இறக்கியது. பிறகு சிரித்த முகமாக உள்ளே வந்து, "நீ உக்காரும்மா" என்றது. யார் வரவில்லை அன்றைக்கு, யார் வருவதாகச் சொல்லியிருந்தது. கேட்டுவிடலாமென்று வாயைத் திறந்தாள். டீ டம்ளர் கைக்கு வந்துவிட்டது. கேட்டால் அடுத்த வெள்ளிக்கிழமை டீ வராது என்று ஒரு எண்ணம் ஓடியது. அப்படி ஓடியதே அவளுக்குப் பிடிக்கவில்லை. உளவு பார்க்கிறவளுக்கு எதிராளி தருகிற டீயில் ஆசை வரலாமா.

போன் அடித்தது. பாலமுரளி. மின்வாரிய ஆபீஸில் வேலை குறைவாக இருக்கிற நேரம் போலும். "என்ன சொன்னே அவகிட்ட?" என்றார். "இன்னும் ஒண்ணும் சொல்லல." "போகட்டும் விடேன். சிறுமலை அடிவாரம்தானே, கூப்பிட்டாக் கேக்கற தூரம். டீச்சருங்க இருக்காங்க." "டீச்சருங்க இருந்தா எல்லாம் சரியாயிடுமா? உங்களுக்கு யாரு இருந்தாலும் சரிதான்." "அவ ஆசையாக் கேக்கறா." "ஆசைதான் எதுக்குன்னு கேக்கறேன்." "சுகந்தி, அந்தப் பொண்ணு உன்கிட்ட எவ்வளவு பிரியமா இருக்கு இப்பல்லாம். டீயெல்லாம் போட்டுக் குடுக்குது. எனக்கு ஒரு நாள் குடுத்திருக்கா?" என்றார், பொறாமைப்படுகிற குரலில். "நீங்க குடுத்து வச்சது அவ்வளவுதான்" என்று வைத்துவிட்டாள். வைத்த பிறகு அவர் கேட்டது அங்கேயே நின்றது. அவருக்கு ஏன் போட்டுக் கொடுப்பதில்லை. அப்பா என்றால் உயிராயிற்றே. ஞாயிற்றுக்கிழமை இரண்டு பேரும் கேரம்போர்டில் மூக்கு உரச உட்கார்ந்தால் சாப்பிடக் கூப்பிட்டாலும் காது கேட்பதில்லை. குற்ற உணர்ச்சியில் குழைகிறவள் அப்பாவிடமும் அல்லவா குழைய வேண்டும், அனுமதி கொடுப்பதில் பாதி அவர் கையிலும்தானே இருக்கிறது. கணக்கு எங்கோ இடறியது. சல்வாரின் நாடாப் பட்டியில் பெட்டி கொஞ்சம் அதிக நேரம் நின்றுவிட்டது. முகர்ந்து பார்த்தாள், கருகவில்லை.

இமெல்டா டீச்சர் இருக்கிறாளே, கைடு கேப்டன், அவளைக் கேட்கலாம். கேட்டால் சொல்வாளா. உறுதிமொழி விழாவில் பார்த்தபோது ஓடிவந்து இடது கையை நீட்டினாள், கைடுகள் இடது கைதானே குலுக்குவார்கள். இவளும் யோசிக்காமல் இடது கையை நீட்டிவிட்டாள், இத்தனை வருஷம் கழித்தும். "அக்கா, உங்களுக்கு என்னைத் தெரியாது. நீங்க பத்தாவது படிக்கிறப்ப நான் ஆறாவது. அதே கான்வென்ட், அதே செலஸ்டின் சிஸ்டர். சிஸ்டர் சொல்லிக் குடுத்ததை ஒண்ணு விடாம இங்க பண்றேன்" என்றாள். முகமெல்லாம் பல். "சம்யுக்தா உங்களப் பத்தி நெறைய சொல்லுவா" என்றாள். என்ன சொல்லுவாள் என்று இவள் கேட்க, பதில் சொல்லாமல் சிரித்தாள். சிரித்துவிட்டு, "கஷ்டமானதாப் பாத்துத் தேடி எடுத்துக்கிறவ எங்க கைடு கம்பெனியில உங்க பொண்ணு ஒருத்திதான்க்கா" என்றாள். மூங்கில் கட்டிப் பாலம் போடுவதையோ, பஸ் ஸ்டாண்டு சுத்தம் செய்யப் போனபோது கழிப்பறைப் பக்கம் எடுத்துக்கொண்டதையோ சொல்கிறாள் என்று நினைத்து இவள் அன்றைக்குப் பெருமைப்பட்டுக்கூடத் தொலைத்தாள். இப்போது அந்தச் சிரிப்பு வேறு மாதிரித் தெரிகிறது. அந்த டீச்சருக்கு ஏதோ தெரியும். தாய்க்குத் தெரியாதது டீச்சருக்குத் தெரியும். வீட்டிலும் எப்போது பார்த்தாலும் டீச்சர் சொன்னாங்க, டீச்சர் சொன்னாங்க. தாய் சொன்னாங்க என்று பள்ளிக்கூடத்தில் எங்காவது ஒலிக்குமா என்ன. ஒலிக்கிறதாம், நெறைய சொல்லுவாளாம். எதை.

மிச்சம் ஸ்கார்ஃப் ஒன்றுதான். முக்கோணத் துணி, பின்பக்கம் முதுகில் கூராக, முன்பக்கம் வளையத்துக்குள் நுழைந்து மார்பில் இரண்டு முனையாகத் தொங்குவது. விரித்துப் போட்டாள். வலது முனை சுத்தம். இடது முனையில் அந்த மடிப்பு. இரண்டு ஸ்கார்ஃபிலும் ஜூலையிலிருந்து இருக்கிறது. நுனியிலிருந்து ஒரு சாண் உள்ளே தள்ளி, துணி கசங்கி, குறுக்கும் நெடுக்குமாக வரி விழுந்து, சாயம்கூட அந்த இடத்தில் வெளுத்து. ஒவ்வொரு வாரமும் தண்ணீர் தெளித்துத் தேய்க்கிறாள், ஒவ்வொரு வாரமும் திரும்பி வருகிறது. யாரோடோ நின்று பேசும்போது வெட்கப்பட்டு முறுக்குகிறதோ. இல்லை, முறுக்கினால் நீளவாட்டில் வரி விழும். எதையாவது முடிந்து வைத்துக்கொள்கிறதோ, முந்தானையில் சில்லறை முடிகிற மாதிரி. துண்டுச் சீட்டு. மோதிரம். சீ, ஒன்பதாவது. தண்ணீரைத் தெளித்துப் பெட்டியை அழுத்தினாள். ஆவி எழுந்து ஈரப் பருத்தி வாசனை வந்தது. அந்த வாசனையில் ஏதோ இருந்தது, நீளமான வராந்தா, ஃபினாயில், வரிசையில் நின்று ஒருத்தி தோளை ஒருத்தி அளந்து கைநீட்டுவது. பெட்டியை எடுத்தாள். மடிப்பு போகவில்லை. எப்படித்தான் இந்த வரி விழும் என்று, சும்மா, விழுந்த வரியின் போக்கிலேயே துணியை மடித்துப் பார்த்தாள். ஒரு வளையம் வந்தது. நுனியை அதற்குள் நுழைத்தாள், கை தானாக நுழைத்தது, கேட்டுக்கொண்டு செய்யவில்லை. இழுத்தாள். ஒரு சின்ன முடிச்சு. வெளுத்த இடமெல்லாம் சரியாக முடிச்சின் வெளிப்பக்கம் வந்து உட்கார்ந்தது. அவள் விரல்களுக்கு அது தெரிந்திருந்தது. அவளுக்குத் தெரிவதற்குத்தான் கொஞ்ச நேரம் பிடித்தது.

காலையில் முடிச்சுப் போடு. அன்றைக்கு ஒரு நற்செயல் செய்தால் அவிழ். சாயங்காலம் மணி அடிக்கும்போது முடிச்சோடு வந்து நிற்கிறவள் சிஸ்டர் முகத்தைப் பார்க்க வேண்டும். செய்ததை வெளியே சொல்லக் கூடாது, சொன்னால் செல்லாது. எப்படி மறந்தாள் இதை. கான்வென்ட்டில் அத்தனை பேருக்கும் கிடைத்த ஒரே ஆள் அடுப்படி அந்தோணியம்மா, ஒரு கால் இழுத்து நடக்கிறவள். அவளுடைய தண்ணீர்க் குடத்தை நாலு பேர் பிடுங்குவார்கள், விறகை ஆறு பேர் தூக்குவார்கள். "போங்கடி, என்னை வேலை செய்ய விடுங்கடி, பரலோகத்துக்கு வேற வழியில போங்கடி" என்று அகப்பையோடு துரத்துவாள். அது தெரிந்துதான் செலஸ்டின் சிஸ்டர் ஒரு நாள் எல்லாரையும் நிற்கவைத்து அந்தச் சட்டத்தைப் போட்டார். அந்தோணியம்மாவுக்குச் செய்வது இனிமேல் கணக்கில் வராது. உங்களுக்குப் பிடித்தவர்களுக்குச் செய்வதும் வராது, அது சந்தோஷம், நற்செயல் இல்லை. யாரிடம் அன்பாக இருப்பது உனக்கு ரொம்பக் கஷ்டமோ, ஒரு ஆளைத் தேர்ந்தெடு. அந்த டெர்ம் முழுக்க அவருக்குச் செய். சுகந்தி முடிச்சைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். சிஸ்டர் சொல்லிக் குடுத்ததை ஒண்ணு விடாம. கஷ்டமானதாப் பாத்து. நெறைய சொல்லுவா. அப்பாவுக்கு டீ கிடையாது, அப்பா பிடித்தவர், கணக்கில் வரமாட்டார். இஸ்திரிப் பெட்டியின் சிவப்பு விளக்கு அணைந்து எரிந்து அணைந்தது. மைதானமும் இல்லை, டிரம்மும் இல்லை, நெட்டையனும் இல்லை. அந்தப் பையன் இருந்திருந்தால்கூடத் தேவலை என்று அவளுக்குப் பட்டது. பையனைத் திட்டலாம், பள்ளிக்கூடத்துக்குப் போய்க் கத்தலாம், கைடிலிருந்து நிறுத்தலாம். இதற்கு யாரிடம் போய்க் கத்துவது. ஊரில் எத்தனை பேர் இருக்கிறார்கள், ஹோம்வொர்க் காப்பி அடிக்கிறவள், பஸ்ஸில் இடிக்கிற கண்டக்டர், கணக்கு வாத்தியார், மாடி நசீமா. அத்தனை பேரையும் வரிசையில் நிற்க வைத்து, அந்தப் பெண் நடந்து வந்து, இவள் தோளில் கை வைத்திருக்கிறது. இதுதான் ரொம்பக் கஷ்டம் என்று. தினம் ஒரு நற்செயல் என்பது சட்டம். புதனும் வெள்ளியும் மட்டும்தான் முடிகிறது போலிருக்கிறது, அதற்கு மேல் எந்தக் கைடாலும் முடியாது போலிருக்கிறது.

அவள் அப்படியென்ன செய்துவிட்டாள். நறுக்கென்று பேசுவாள். பேசாமல் இருந்தால் இந்த வீட்டில் குழாய்கூட ஒழுங்காக மூடப்படாது. அம்மா ப்ளீஸ் என்று உயருகிற அந்தக் கை நேராக நினைவில் வந்து நின்றது. அதற்கு முன்னால் இவள் என்ன சொல்லியிருப்பாள் என்று தேடினாள். உன் வயசுல நான், என்று ஆரம்பிக்கிற எதுவோ. ஒரு மூச்சுக் கோபம் தலைக்கு ஏறியது. சரி, நற்செயலா, பார்த்துவிடுவோம். நேரே அடுப்படிக்குப் போய்ப் பாத்திரத்தில் பாலை ஊற்றினாள். அவளே டீ போட்டு வைத்துவிடுவாள். வந்ததும், நான் குடிச்சாச்சு, நீ போய்க் குளி, கால் ஒண்ணும் வலிக்கல, கதை ஒண்ணும் கிடையாது. முடிச்சு தொங்கட்டும். அந்த முடிச்சோடே கேம்ப்புக்குப் போகட்டும், அல்லது போகாமல் இருக்கட்டும். இஞ்சியை நசுக்கினாள், தேவைக்கு மேலேயே நசுக்கினாள். லைட்டரைக் கையில் எடுத்தபோது ஏனோ அந்தோணியம்மாவின் முறம் ஞாபகம் வந்தது. மணி அடிக்கப் போகிற நேரம். புதிதாகச் சேர்ந்த சின்னப் பெண் ஒருத்தி, யாரும் கிடைக்காமல் முடிச்சைப் பிடித்துக்கொண்டு அடுப்படி வாசலில் கண்ணைக் கசக்கிக்கொண்டு நின்றது. கணக்கில் வராது என்று அதற்கு இன்னும் யாரும் சொல்லியிருக்கவில்லை. அந்தோணியம்மா அதை ஒரு பார்வை பார்த்தாள். வெளியே யாராவது இருக்கிறார்களா என்று பார்த்தாள். மடியில் புடைத்து வைத்திருந்த பருப்பை முறத்தோடு அப்படியே தரையில் கவிழ்த்தாள். "ஐயோ, கொட்டிட்டேனே, கண்ணு தெரியலயே, யாராவது பொறுக்கிக் குடுங்களேன்" என்றாள். ஜன்னலுக்கு வெளியே நின்று சுகந்தி அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். யாரிடமும் சொன்னதில்லை. லைட்டரைக் கீழே வைத்தாள். பாலைத் திரும்பவும் ஊற்றி மூடினாள். நசுக்கிய இஞ்சியைக் குப்பையில் போட்டுவிட்டு, பாத்திரத்தைக் கழுவிக் கவிழ்த்தாள். இஸ்திரிப் பெட்டியின் சுவிட்சை அணைத்தாள். மேஜையில் கிடந்த ஸ்கார்ஃபின் முடிச்சை அவிழ்த்து, தண்ணீர் தெளிக்காமல், மடிப்போடேயே மடித்து உடுப்புக்கு மேலே வைத்தாள்.

ஜன்னல் திரையைத் தொடாமல் நாற்காலியில் உட்கார்ந்தாள். பார்க்க வேண்டியதில்லை, இப்போது டிரான்ஸ்ஃபார்மர் பக்கத்தில் நின்றுகொண்டிருக்கும். தோளை ஏற்றி இறக்கும். கேட் கிரீச்சிட்டது. பை ஆணியில் மாட்டப்பட்டது. "என்னம்மா, இஸ்திரி முடிஞ்சுதா?" அதன் கழுத்தில் கிடந்த ஸ்கார்ஃபின் இடது முனையில், மெரூன் துணியில் மெரூன் முடிச்சு. தேடிப் பார்த்தாலொழியத் தெரியாது. இந்த டெர்ம் முழுக்க இது கண் முன்னால் தொங்கியிருக்கிறது, இவளோ முகத்தையும் கையையும் மைதானத்தையும் பார்த்துக்கொண்டிருந்தாள். "முடிஞ்சுது" என்றாள். பிறகு, காலை நீட்டிக்கொண்டு, "கால் ரொம்ப வலிக்குது. ஒரு டீ போட்டுத் தரியா?" என்றாள். சம்யுக்தா அடுப்படி நிலைப்படியில் நின்றுவிட்டாள். வலி என்ற வார்த்தை இந்த வீட்டில் அம்மா வாயிலிருந்து வந்து அவள் கேட்டதில்லை. இவளைப் பார்த்த பார்வையில் அப்படியே இவளுடைய சந்தேகம். "என்னம்மா, என்ன ஆச்சு? உடம்பு சரியில்லையா? அப்பாவுக்குப் போன் பண்ணவா?" "டீதானே கேட்டேன், ஆபரேஷனா கேட்டேன்" என்று வந்துவிட்டது. நாக்கைக் கடித்துக்கொண்டு, "இஞ்சி போடு" என்று சேர்த்தாள். அந்தப் பெண் கட்டை இஞ்சியைப் போடுகிற சத்தம் கேட்டது, சொட்டென்று. சர்க்கரை டப்பா திறந்தது. டம்ளர் வந்தது. எதிரில் உட்கார்ந்தது. "கொடிக் கதை சொல்லும்மா." சொன்னாள். முடிச்சு, கயிறு, கலெக்டர், மேலே உருண்டையாக உட்கார்ந்த கொடி, தொப்பி. இரண்டு பேரும் சிரித்தார்கள். இவள் பார்வையை டம்ளரிலேயே வைத்திருந்தாள். ஆனாலும் தெரிந்தது, மேஜைக்குக் கீழே ஒரு கை மெதுவாகத் துணியை நெகிழ்த்துவது. அவிழ்ந்தாயிற்று. டம்ளரும் காலி. இனி எழுந்து போகும்.

போகவில்லை. நகத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. ஓ, கேம்ப். பதில் வாங்காமல் எப்படிப் போகும். இருக்கட்டும், அதையும் எடுத்துக் கொடுத்துவிடலாம், பிறகு எதற்காக உட்கார்ந்திருக்கும் என்று பார்த்துவிடலாம். "நாளைக்குப் போயிட்டு வா" என்றாள் சுகந்தி. "உடுப்பு அங்க இருக்கு. ஸ்வெட்டர் எடுத்துக்க, மலையடிவாரம்." சம்யுக்தா நிமிர்ந்தது, கண் விரிந்தது, "நிஜமாவா" என்றது. எழுந்து குதித்து அறைக்கு ஓடிப் பெட்டி கட்டப் போகிறது என்று இவள் டம்ளரைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள், கழுவுவதற்கு. நாற்காலி பின்னால் நகரவில்லை. முடிச்சும் இல்லை, கேம்ப்பும் கொடுத்தாயிற்று, வெளியே வெயில் இறங்கி நசீமா மாடியில் துணி எடுக்கிறாள், அந்தப் பெண் இரண்டு முழங்கையையும் மேஜையில் ஊன்றிக்கொண்டு எதிரிலேயே இருந்தது. "அம்மா, மறுநாள் அந்த சிஸ்டர் உன்கிட்ட பேசினாங்களா?" என்றது. இத்தனை வருஷத்தில் யாரும் கேட்காத கேள்வி. கலெக்டரின் தொப்பியோடு எல்லாருக்கும் கதை முடிந்துவிடும், கொடி கட்டின பெண்ணுக்கு மறுநாள் ஒன்று இருந்தது என்று ஒருத்தருக்கும் தோன்றியதில்லை. எதற்குக் கேட்கிறது, இன்னும் என்ன வேண்டும் இதற்கு. சுகந்தி மேஜைக்குக் குறுக்கே எட்டி அந்த இடது முனையைப் பார்த்தாள். கசங்கிய துணிதான், வேறொன்றுமில்லை. திரும்பவும் ஒரு தரம் பார்த்தாள். பிறகு டம்ளரைத் தள்ளி வைத்துவிட்டு, "மறுநாள் காலையில," என்று ஆரம்பித்தாள்.